ஏழாண்டு இசைக்கு எத்தனை புள்ளி?

புது தில்லி: தலைநகரின் ஐ.டி.ஓ. சந்திப்பை ஒட்டிய சாலைகளுள் ஒன்று பகதூர் ஷா ஜாபர் மார்க். மற்றொன்று தீனதயாள் உபாத்யாய மார்க். முதல் சாலையில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைமை அலுவலகம் இருக்கிறது. இரண்டாவது சாலையில் 1939-ல் தொடங்கப்பட்ட தில்லி கந்தர்வ மகாவித்யாலயா இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால், இசைப் பள்ளியில் சிறு வயது முதல் பயின்று "விசாரத்" தேர்வில் தேறிய ஒரு மாணவி, தான் பி.காம். படிக்கும் கல்லூரியில் அந்தச் சான்றிதழுக்கு ஏதேனும் மதிப்பு உண்டா என்று கேட்டால், இந்த இரு கட்டடங்களுக்கும் இடையிலான தொலைவு எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியவரும்.

காகிதத்தில் பதில் "உண்டு" என்பதே. 2020 ஜூலை 29-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கல்விக் கொள்கை, பாடத்திட்டத்துக்கு உட்பட்டது, அதற்கு வெளியே உள்ளது என்ற பிரிவினையே கூடாது என்றது. கலை ஒருபுறம், அறிவியல் மறுபுறம் என்ற சுவரையும் அகற்றச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2021 ஜூலையில் கல்விப் புள்ளி வங்கிக்கான விதிமுறைகளை மானியக் குழு அறிவித்தது. "கிரெடிட்" எனப்படும் மதிப்புப் புள்ளிகளை மாணவர் தம் பெயரில் சேமித்து, ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்ல வழிசெய்வது அந்த வங்கி. பின்னர் 2023 ஏப்ரலில் தேசிய மதிப்புப் புள்ளிக் கட்டமைப்பின் இறுதி அறிக்கை வெளியானது. வகுப்பறைக் கல்வி மட்டுமன்றி விளையாட்டு, இசை, கைவினை, மரபுக் கலை, பணி அனுபவம் ஆகிய அனைத்துக்கும் புள்ளி வழங்க இயலும் என்று அது தெளிவாகவே கூறுகிறது. மதிப்பீடு செய்யப்பட்ட கற்றலாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கணக்கும் எளிமையானதுதான். ஆண்டுக்கு 1,200 மணி நேரக் கற்றல், அதற்கு 40 புள்ளிகள். அதாவது 30 மணி நேரத்துக்கு ஒரு புள்ளி. வகுப்பில் அமர்ந்த நேரத்தோடு, தானாகப் பயின்ற நேரமும் இதில் அடங்கும். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 புள்ளிகள் வேண்டும். நான்காண்டுப் பட்டத்துக்கு 160.

இந்தக் கணக்கை மொழித் தேர்வுகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். பிரெஞ்சு மொழியில் "பி-1" எனப்படும் நடுநிலைத் தகுதியை எட்டுவதற்கு 350 முதல் 400 மணி நேரம் தேவை என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. 30-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 12 புள்ளிகள். நான்கு புள்ளிப் பாடங்கள் மூன்றுக்கு இது சமம். இளநிலைப் படிப்புக்காக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட வரைவில், பிற துறைப் பாடங்களுக்கு 9 புள்ளிகள், திறன் வளர்க்கும் பாடங்களுக்கு 9, மொழித்திறன் பாடங்களுக்கு 8 என்று இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. துணைப் பாடத்துக்கு 24 புள்ளிகள். ஆக, மொழியோ இசையோ வந்து அமர்வதற்கு நாற்காலிகள் காலியாகவே இருக்கின்றன.

இசைக்கு இதே கணக்கைப் போட்டால் விபரீதம் தொடங்குகிறது. ஒரு பிள்ளை நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், ஆண்டில் 300 நாள்கள் சாதகம் செய்தால் ஆண்டுக்குப் பத்துப் புள்ளிகள். ஏழு ஆண்டுகளுக்கு 70. மூன்றாண்டுப் பட்டத்தில் முதன்மைப் பாடத்துக்கே குறைந்தபட்சம் 60 புள்ளிகள்தாம். பி.காம். மாணவி வணிகவியலைவிட அதிகமாக ராகத்தில் சம்பாதித்துவிட்டாள் என்றாகிவிடும்! எந்தக் கல்லூரியும் இதை ஏற்காது; ஏற்கவும் கூடாது. எட்டு வயதில் கற்ற சரளி வரிசை வேறு, பதினெட்டு வயதில் பாடும் விளம்பித் கயால் வேறு. எத்தனை மணி நேரம் என்பதோடு, எந்த நிலையில் என்பதும் தீர்மானிக்கப்பட வேண்டும். அதற்காகத்தான் தேசியக் கட்டமைப்பு கற்றலைப் படிநிலைகளாகப் பிரித்திருக்கிறது. பத்தாம் வகுப்பு 3-ஆம் நிலை. பன்னிரண்டாம் வகுப்பு 4. பட்டப்படிப்பின் முதலாண்டு 4.5, முனைவர் பட்டம் 8. "மத்யமா" தேர்வு மூன்றில் அமருமா, நாலரையில் அமருமா? இந்தியாவின் இசைத் தேர்வுகளையும் வெளிநாட்டு மொழித் தேர்வுகளையும் வரிசைப்படுத்தி, இன்னதற்கு இன்ன நிலை, இத்தனை புள்ளி என்று எல்லாப் பல்கலைக்கழகங்களும் பின்பற்றத்தக்க பொதுப் பட்டியல் ஒன்று இல்லாததே இன்றைய குழப்பத்தின் வேர்.

வாசலில் நிற்கும் சான்றிதழ்

கல்விப் புள்ளி வங்கி பெயரளவில்தான் வங்கி. கையிலுள்ள சான்றிதழை எடுத்துச் சென்று மாணவரே அதில் வரவு வைக்க முடியாது. புள்ளி வழங்கும் கல்வி நிறுவனம்தான் அதைப் பதிவேற்ற வேண்டும். மாணவரிடமிருந்து நேரடியாக எந்த ஆவணத்தையும் வங்கி பெறாது. வங்கியில் பதிவு பெற்ற உயர்கல்வி நிறுவனங்களுக்கும், "ஸ்வயம்" போன்ற அரசின் இணைய வழிப் பாடங்களுக்கும் வழி இருக்கிறது. நூறாண்டு கடந்த இசைச் சபைக்கும், தூதரக ஆதரவில் நடக்கும் மொழிப் பள்ளிக்கும் தம் பெயரிலேயே புள்ளியைச் செலுத்த வழி இல்லை. யாரேனும் ஒரு பல்கலைக்கழகம் முன்வந்து, "இதை நாங்கள் மதிப்பிட்டோம், எங்கள் பொறுப்பில் புள்ளி வழங்குகிறோம்" என்று சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்வதில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அவசரம் இல்லை.

இத்தனைக்கும் இதே இசையைக் கல்லூரிகள் வாசலில் வரவேற்கவே செய்கின்றன. தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் விளையாட்டுக்கும் கலைத் திறனுக்குமாகச் சேர்த்து 5 சதவீதம் வரை இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. பாடிக் காட்டி, வாசித்துக் காட்டி, சான்றிதழ்களைச் சமர்ப்பித்து மாணவர்கள் உள்ளே வருகிறார்கள். கல்லூரியின் பெயரில் போட்டிகளில் கோப்பைகளையும் வென்று தருகிறார்கள். ஆனால் பட்டியலில் அந்த இசைக்குப் புள்ளி ஏதும் இராது. அதே பல்கலைக்கழகத்தின் மதிப்புக்கூட்டுப் பாடங்களில் "மகிழ்ச்சியாக இருக்கும் கலை" என்று ஒன்று உண்டு. அதற்கு இரண்டு புள்ளிகள். பாடத்தைக் குறை சொல்வதற்கில்லை. காலையில் எழுந்து பைரவ் ராகம் பாடும் பிள்ளைக்கு அந்தக் கலை ஏற்கெனவே கைவந்திருக்கலாம் என்பதே நமது ஐயம்.

இசைத் தேர்வுகள் நேற்று முளைத்தவை அல்ல. விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901-ல் லாகூரில் கந்தர்வ மகாவித்யாலயாவைத் தொடங்கினார். குருவின் வீட்டுத் திண்ணையிலிருந்து இசையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் அது முக்கியமானது. அவருடைய சீடர்கள் 1931-ல் அகில பாரதீய கந்தர்வ மகாவித்யாலயா மண்டலை அமைத்தனர். "பிராரம்பிக்" தொடங்கி "விசாரத் பூர்ணா" வரை ஏழு தேர்வுகள். அதற்கும் மேலே "அலங்கார்". அலகாபாதில் 1926-ல் தொடங்கிய பிரயாக் சங்கீத சமிதியும், சண்டீகரின் பிராசீன் கலா கேந்திரமும் இவ்வாறே நாடு முழுவதும் தேர்வு நடத்தி வருகின்றன. அதே 1926-ல் லக்னௌவில் தோன்றிய மாரிஸ் கல்லூரி வேறு வழியில் சென்றது. அது பாத்கண்டே நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, பின்னர் உத்தரப் பிரதேச அரசின் பல்கலைக்கழகமானது. அங்கே வழங்கப்படுவது பட்டம்; சபைகள் வழங்குவது சான்றிதழ். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவுப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் அதிகாரம் அளித்த நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்க முடியும். பல மாநிலங்களில் இசை ஆசிரியர் பணிக்குச் சபைகளின் சான்றிதழ்கள் ஏற்கப்படுகின்றன. பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கப் போதுமான தகுதி, பட்டத்தில் நான்கு புள்ளி பெறப் போதவில்லை என்பது விசித்திரமே.

இந்தி சபா காட்டிய வழி

இந்தச் சிக்கலுக்கு இந்தியா முன்பே ஒரு தீர்வைக் கண்டிருக்கிறது. அது கண்ட இடம் சென்னை தியாகராய நகர் என்பதுதான் வேடிக்கை. காந்தியடிகள் 1918-ல் தொடங்கிவைத்த தட்சிண பாரத இந்தி பிரசார சபாவை, 1964-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. இந்தி எதிர்ப்பு உச்சத்தை எட்டிய 1965-க்கு முந்தைய ஆண்டு அது. அரசுப் பள்ளிகளில் இந்தி கற்பிக்கப்படாத தமிழகத்தில், "பிராத்மிக்" முதல் "பிரவீண்" வரை சபாவின் தேர்வுகளை லட்சக்கணக்கானோர் தம் விருப்பத்தால் எழுதியிருக்கின்றனர். எந்தக் கல்லூரியிலும் சேராமல், தெருமுனையில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு மாமியிடம் படித்தே தேறியவர்கள் அவர்களில் மிகுதி.

இத்தகைய தேர்வுகளை என்ன செய்வது என்ற கேள்வி மத்தியக் கல்வி அமைச்சகத்தின் முன் வந்தது. 1970-ல் வெளியான அறிவிப்பில் அமைச்சகம் எடுத்த நிலை கவனிக்கத்தக்கது. தன்னார்வ இந்தி அமைப்புகளின் தேர்வுகள், அவற்றுக்கு இணையாகச் சொல்லப்படும் மெட்ரிகுலேஷன், பட்டப்படிப்பு போன்றவற்றில் உள்ள இந்திப் பாடத்தின் தரத்துக்கு மட்டுமே சமமானவை. முழுப் பட்டத்துக்கு அல்ல என்பதே அது. "பிரவீண்" தேறியவர் பி.ஏ. பட்டதாரி ஆகிவிடமாட்டார்; ஆனால் அவருடைய இந்தி, பி.ஏ. இந்தியின் தரத்தில் உள்ளது என்று அரசு ஏற்றுக்கொள்ளும். புள்ளி என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்னரே, ஒரு பாடத்தளவுக்கு மட்டும் தகுதியை ஏற்பது எப்படி என்பதை ஒரு பக்க அறிவிப்பில் சொல்லிவிட்டார்கள். இசைக்கும் ஜெர்மன் மொழிக்கும் இதையே செய்ய என்ன தடை என்று கேட்டால் தெளிவான விடை இல்லை.

வெளிநாடுகளில் இது பழகிப்போன ஏற்பாடு. அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் எழுதும் "ஏ.பி." தேர்வுகளில் இசைக் கோட்பாட்டுக்கென ஒரு தாள் உண்டு. ஒலிக்கும் இசையைக் கேட்டுச் சுரக் குறிப்பு எழுத வேண்டும். இதுவரை பார்த்திராத குறிப்பைப் பார்த்துப் பாடவும் வேண்டும். ஸ்பானிஷ், பிரெஞ்சு, சீனம், ஜப்பானியம், லத்தீன் ஆகியவற்றுக்கும் தாள்கள் உண்டு. ஐந்துக்கு மூன்று பெற்றாலே பல கல்லூரிகள் புள்ளி தருகின்றன. பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் சில, ஐந்து பெற்றால்தான் தரும். "கிளெப்" என்ற மற்றொரு தேர்வை எந்த வயதினரும் எழுதலாம். ஸ்பானிஷ் பேசும் வீட்டில் பிறந்த தொழிலாளி, வகுப்புக்கே போகாமல் ஒரு தேர்வெழுதி ஒரு பருவத்துக்கான கட்டணத்தை மிச்சப்படுத்த முடியும். பிரிட்டனில் கல்லூரிச் சேர்க்கைக்கான "யூகாஸ்" அமைப்பு, எட்டாம் கிரேடு இசை செய்முறைத் தேர்வில் உயர்தகுதி பெற்றால் 30 புள்ளிகள் தருகிறது. "ஏ-லெவல்" பாடமொன்றில் "சி" கிரேடு பெற்றவருக்குக் கிடைப்பது 32. இவை சேர்க்கைக்கான புள்ளிகளே தவிர, பட்டத்துக்கானவை அல்ல. எல்லாப் பல்கலைக்கழகங்களும் இவற்றைப் பார்ப்பதும் இல்லை. எனினும் சென்னையிலோ தில்லியிலோ டிரினிடி கல்லூரியின் பியானோ தேர்வை எழுதிய பிள்ளைக்கு லண்டனில் ஓர் எண் இருக்கிறது. பிறந்த ஊரில் இல்லை.

பாதியில் நின்ற ஜெர்மன்

மொழியைப் பொறுத்தவரை, வெறும் நிர்வாகச் சிக்கலோடு விஷயம் முடிவதில்லை. 2014 நவம்பரை நாடாளுமன்ற வளாகத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. கேந்திரிய வித்யாலயாக்களுக்கும் ஜெர்மனியின் கோதே நிறுவனத்துக்கும் 2011-ல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பல்லாயிரம் பிள்ளைகள் மூன்றாவது மொழியாக ஜெர்மன் படித்துவந்தனர். கல்வியாண்டின் நடுவில் அது நிறுத்தப்பட்டு, சமஸ்கிருதமோ வேறு இந்திய மொழியோ படிக்க வேண்டும் என்றானது. பெற்றோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். அந்த ஆண்டுக்கு மட்டும் சமஸ்கிருதத் தேர்வு நடத்தப்படாது என்று மத்திய அரசு அங்கே தெரிவித்தது. மும்மொழிக் கொள்கை குறித்து இரு தரப்பிலும் அனல் பறக்க வாதங்கள் எழுந்தன. பிள்ளைகள் அதுவரை படித்த ஜெர்மன் எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டவர்கள் சிலரே. அன்று அதற்குப் புள்ளிக் கணக்கு இருந்திருந்தால், பாதியில் நின்றவர்களுக்கும் படித்த அளவுக்கு ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும்.

2020-ஆம் ஆண்டுக் கொள்கை, மேல்நிலை வகுப்புகளில் கற்கத்தக்க வெளிநாட்டு மொழிகளாகக் கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்த்துகீசியம், ரஷியன் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. முந்தைய வரைவில் இருந்த சீனம் இறுதி வடிவத்தில் இல்லை. எந்த மொழிக்குப் புள்ளி என்று பட்டியல் போடும் நாளில் இத்தகைய சேர்த்தலும் நீக்கலும் மீண்டும் வரும். எல்லையில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு மாணவரின் மதிப்பெண் பட்டியல் மாறுமா என்ற கேள்வியும் உடன் வரும்.

கல்லூரி ஆசிரியர்களின் ஆட்சேபணையையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை "ஸ்வயம்" வழியாகப் படிக்கலாம் என்று 2021-ல் விதி வந்தபோதே, கற்பிக்கும் நேரம் குறையும், பணியிடங்கள் போகும் என்று தில்லி ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. வெளித் தேர்வுகளுக்கும் புள்ளி என்றால் முதலில் அடிபடுவது, ஒப்பந்த முறையில் பிரெஞ்சும் இசையும் கற்பிக்கும் ஆசிரியர்களே. தரம் பற்றிய ஐயமும் நியாயமானது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் படிக்கவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரிந்தால் போதும். பேசிக் காட்ட வேண்டியதில்லை. பல்கலைக்கழகப் பாடத்திலோ பேச்சு கட்டாயம். இரண்டையும் எப்படிச் சமன் செய்வது? இசைத் தேர்விலும், மையத்துக்கு மையம் தேர்வாளரின் கண்டிப்பு மாறுபடும் என்பது அத்துறையினர் அறிந்ததே. புள்ளிக்கு விலை உண்டு என்றானபின், சான்றிதழுக்கும் விலை பேசுவோர் முளைக்கமாட்டார்கள் என்று சொல்ல முடியாது. இதற்கு மாற்று, சான்றிதழை நம்பாமல் பல்கலைக்கழகமே ஒரு மணி நேரம் மாணவரை அமர்த்திப் பாடச் சொல்லிக் கேட்பதுதான். சேர்க்கையின்போது செய்கிறார்களே, அதையே புள்ளிக்கும் செய்யலாம்.

அப்படிச் செய்தால் மட்டுமே பயன்பெறக்கூடிய இன்னொரு கூட்டம் இருக்கிறது. ராஜஸ்தானின் ஜைசல்மேர், பாட்மேர் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் மாங்கணியார் குடும்பத்துப் பிள்ளைக்கு எந்தச் சபையின் சான்றிதழும் கிடையாது. தேர்வுக் கட்டணம் செலுத்தி, மேற்கத்திய இசையில் எட்டு கிரேடுகளையும் தாண்ட வசதியுள்ள குடும்பங்கள் பெருநகரங்களில்தான் இருக்கின்றன. தாளை மட்டும் பார்த்துப் புள்ளி தந்தால், ஏற்கெனவே இருப்பவருக்கே மேலும் சேரும். தேசியக் கட்டமைப்பு இதை உணராமல் இல்லை. அனுபவத்தின் ஆண்டுகளுக்கேற்பப் புள்ளியை இரு மடங்கு வரை உயர்த்த அதில் இடமுண்டு. முறைசாராமல் கற்றதை மதிப்பிடும் வழிமுறைகளுக்கான வரைவை மானியக் குழு 2024-ல் வெளியிட்டது. கலைஞர்களைக் கல்லூரிகளில் தங்கவைத்துக் கற்பிக்கச் செய்வதற்கான நெறிமுறைகளை அதற்கு முந்தைய ஆண்டே தந்தது. பாடகர் கல்லூரிக்குள் ஆசிரியராக வரலாம் என்றால், அவர் வீட்டுப் பிள்ளை மாணவராக வரும்போது அந்தப் பாட்டைக் கணக்கில் எடுக்க, கேட்டு மதிப்பிடத் தெரிந்தவர் இப்போது கல்லூரியிலேயே இருக்கிறார்.

கல்வி 1976-ல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் பொதுப்பட்டியலுக்கு வந்தது. எனவே மத்தியில் வரையும் சட்டகத்தை மாநிலப் பல்கலைக்கழகங்கள் தத்தம் கல்விக் குழுவில் வைத்து ஏற்றால்தான் உயிர் பெறும். தேசியக் கொள்கையை எதிர்த்த தமிழகம் 2025 ஆகஸ்டில் பள்ளிக் கல்விக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. மகாராஷ்டிரம் வேறு வழியில், செவ்வியல் இசைத் தேர்வுகளில் தேறிய பத்தாம் வகுப்பு மாணவருக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்குகிறது. அதாவது, மும்பைப் பள்ளியில் எண்ணிக்கைக்கு வரும் அதே "மத்யமா" சான்றிதழ், கல்லூரி வாசலை அடைந்ததும் எண்ணிக்கையிலிருந்து விழுந்துவிடுகிறது.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. வங்கியில் சேரும் புள்ளிகள் பொதுவாக அதிகபட்சம் ஏழு ஆண்டுகளுக்கே செல்லும். பிரெஞ்சு அரசின் "டெல்ஃப்" சான்றிதழுக்கோ ஆயுட்காலம் முழுவதும் மதிப்புண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் புள்ளி முறையைச் சோதித்துப் பார்க்க, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்காக 2024-ல் பள்ளிகளை அழைத்தது. ஆறாம் வகுப்பில் இசைக்குப் புள்ளி பெறும் பதினோரு வயதுச் சிறுமிக்கு ஏழு ஆண்டுக் கெடு பொருந்துமானால், அவள் கல்லூரியில் சேரும் ஆண்டில் அது காலாவதியாகும். கெடு எந்த நாளிலிருந்து தொடங்கும், பள்ளிப் புள்ளிக்கும் அது பொருந்துமா என்பதைப் பகதூர் ஷா ஜாபர் மார்க்கில்தான் சொல்ல வேண்டும்.